சிறுதீயில் 42 கிலோமீட்டர்

விறகடுப்பில் சமைத்துப் பழகியவர்களுக்குத் தீயின் குணம் தெரியும். சுள்ளி சடசடவென்று பிடிக்கும், குபீரென்று எரியும், சற்று நேரத்தில் சாம்பலாகிவிடும். கட்டை விறகு பிடிக்க நேரமெடுக்கும். பிடித்துவிட்டால் ஒரு பானையை இறக்கி இன்னொரு பானையை ஏற்றிக்கொண்டே இருக்கலாம். ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்கு மேல் மாரத்தானுக்கோ மலைப்பாதை ஓட்டத்துக்கோ தயாராகும் ஒருவரின் உடம்பில் என்ன நடக்கிறது என்று விளக்க இந்த அடுப்பைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விறகு, காற்று, அடுப்பின் மண் ஆகிய மூன்றில் வயது எதைக் குறைக்கிறது, எதைத் தொடுவதில்லை, எதை நாம் கவனித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எந்த நாளில் எப்படி ஓடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விறகிலிருந்து தொடங்குவோம். உடம்பின் சுள்ளி கிளைகோஜன். நாம் சாப்பிடும் சோற்றிலும் இட்லியிலும் பழத்திலும் இருக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கு இந்த உருவில் சேமிக்கப்படுகிறது. தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், கல்லீரலில் 100 கிராம்; மொத்தம் 2000 கலோரி அளவுக்கு. கட்டை விறகு கொழுப்பு. ஒல்லியாகத் தெரிகிற ஓட்டக்காரரின் உடம்பிலும் ஏழெட்டுக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிலோவிலும் 7000 கலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது.

இனி செலவு. சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடை உள்ளவர் 42.195 கிலோமீட்டரை முடிக்க 2500 கலோரி வேண்டும். சுள்ளியின் இருப்போ 2000. சுள்ளியை மட்டும் நம்பி வேகமாகக் கிளம்பியவருக்கு 30, 35 கிலோமீட்டருக்குள் அடுப்பு அணையத் தொடங்கும். கால் ஈயக்குண்டாகக் கனக்கும். கல்லீரலின் இருப்பும் தீர்ந்தால் மூளைக்குச் சர்க்கரை குறைந்து தலை சுற்றும், எரிச்சல் வரும். அந்த நேரத்தில் மன உறுதியைக் குறை சொல்வதில் பொருளில்லை. எரிய ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் காட்டியவர்கள் சுவீடனின் யோனாஸ் பெரிஸ்த்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள். 1966இல் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் சோரும்வரை மிதித்தார்கள். பிறகு தொடையிலிருந்து ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைகோஜன் துடைத்து வைத்தாற்போல் காலி. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த சில நாட்கள் மாவுச்சத்து நிறைய சாப்பிட்டார்கள். காலியான கால் பழைய அளவில் நிற்காமல், மற்றக் காலைப்போல் இரு மடங்கு சேர்த்துக்கொண்டது. மாரத்தானுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் ஓட்டத்தைக் குறைத்துச் சோற்றைக் கூட்டும் வழக்கம் இங்கிருந்து வந்தது. ஓடும் வழியிலும் சுள்ளி போடலாம், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு கிடைக்கும். ஆனால் ஓடிக்கொண்டே சாப்பிட வயிறும் பழக வேண்டும். போட்டி நாளில் முதன்முறையாக மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.

ஆனாலும் மாரத்தானை முடித்துவைப்பது கட்டை விறகுதான். மெதுவாக ஓடும்போது உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கிறது. வேகம் கூடக்கூட சுள்ளியின் பங்கு கூடுகிறது. கொழுப்பு எரிய நிறைய ஆக்சிஜன் வேண்டும், அதை எரிக்கும் அடுப்புகளும் நிறைய வேண்டும். தசைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகளே அந்த அடுப்புகள். இவற்றின் எண்ணிக்கை பிறப்போடு முடிவாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் ஜான் ஹாலோஸி 1967இல் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, சில மாதப் பயிற்சியில் அவற்றின் தசைகளில் இந்த எரிக்கும் திறன் ஏறக்குறைய இரு மடங்கானதைக் காட்டினார். மனிதர்களிடமும் அதே கதைதான், அறுபதைத் தாண்டியவர்களிடமும். ஒவ்வொரு மெதுவான நீண்ட ஓட்டமும் கல்யாண வீட்டுக் கொல்லையில் இன்னோர் அடுப்பு கூட்டுவதற்குச் சமம். கூடவே தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்களும் பெருகுகின்றன. அடுப்புக்குக் காற்று வரும் வழி அகலமாகிறது.

லாக்டிக் அமிலத்தைப் பற்றிய பழைய எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்வது நல்லது. காற்றுப் போதாமல் எரிந்த விறகு கரியாக மிஞ்சும். அதை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. பக்கத்துக் கொடியடுப்பில் போட்டால் அது தகதகவென்று எரியும். வேகமாக ஓடும்போது தசையில் உண்டாகும் லாக்டேட்டும் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) அப்படித்தான். அது ரத்தத்தில் ஏறி இதயத்துக்கும் மெதுவாக இயங்கும் தசை நார்களுக்கும் போய் அங்கே எரிபொருளாகிறது. கலிஃபோர்னியாவின் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து இதை விளக்கிவருகிறார். ஓட்டத்துக்கு மறுநாள் தொடை வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியதுதான் காரணம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். ஓடி முடித்து ஓரிரு மணி நேரத்துக்குள் அது கரைந்துவிடுகிறது. மறுநாள் வலிக்கு வேறு காரணம் உண்டு; மலைக்குப் போகும்போது சொல்கிறேன்.

வயது முதலில் கைவைப்பது அடுப்புக்குக் காற்று ஊதும் ஊதாங்குழலில், அதாவது இதயத்தில். இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்ற எல்லை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கும்: 30 வயதில் 187, 60 வயதில் 166. ஆளுக்கு ஆள் பத்துக்கு மேல் கூடலாம், குறையலாம். எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தத் தாழ்வை நிறுத்த முடியாது. உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அளவும் இதோடு சேர்ந்து குறைகிறது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் என்றால், விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. உச்சத் தீயின் உயரம் குறைந்தே தீரும். சிறுதீயின் நீளம் அப்படிக் குறைய வேண்டியதில்லை.

இதற்குச் சாட்சி எட் விட்லாக். லண்டனில் 1931இல் பிறந்து கனடாவில் குடியேறிய சுரங்கப் பொறியாளர். 48 வயதில் மாரத்தானை 2 மணி 31 நிமிடத்தில் ஓடினார். அதுவே அவருடைய வாழ்நாளின் சிறந்த நேரம். 72 வயதில் 2 மணி 59 நிமிடம் 10 வினாடி. எழுபதைத் தாண்டிய ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்தது அதுவே முதல்முறை. மறு ஆண்டு, 73 வயதில், 2 மணி 54 நிமிடம் 48 வினாடி. இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் இழந்தது 23 நிமிடம்தான். 2016இல், 85 வயதில், 3 மணி 56 நிமிடத்தில் ஓடினார். 2017 மார்ச்சில் காலமானார். அவருடைய பயிற்சிக் களம், ஒன்டாரியோ மாகாணத்து மில்டன் ஊரில் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டம். அதன் சிறிய பாதையைச் சுற்றிச் சுற்றி, பெரும்பாலான நாட்களில் மூன்று மணி நேரம் வரைக்கும், பாதத்தை அதிகம் தூக்காமல் குட்டிக் குட்டி அடி வைத்து மெதுவாக ஓடுவார். வேகத்துக்கு, அவ்வப்போது கலந்துகொள்ளும் குறுந்தூரப் போட்டிகள்தான்.

எல்லோரும் தினம் மூன்று மணி நேரம் ஓட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை; அதைத் தாங்கும் உடம்பு அவருக்கு வாய்த்திருந்தது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தீயின் அளவு. நம் ஊர்க் கடற்கரைச் சாலைகளிலும் பூங்காக்களிலும் விடியற்காலையில் பார்த்தால், வயதில் மூத்த ஓட்டக்காரர்கள் பலர் எல்லா நாளும் ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள். மெதுவும் இல்லை, வேகமும் இல்லை. மூச்சு வாங்குகிறது, ஆனால் ஓட முடிகிறது. உழைத்த திருப்தி கிடைக்கிறது. அடுப்புக் கணக்கில் இது புகைகிற தீ: சுள்ளி வீணாகிறது, கட்டை சரியாகப் பிடிக்கவில்லை, அடுப்பும் சூடேறிக்கொண்டே இருக்கிறது. நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் செய்லர் உலகத்தர நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மிக எளிதான வேகத்தில் நடப்பதைக் காட்டினார். மீதி ஒரு பங்கு உண்மையிலேயே கடினமானது. வேகமே வேண்டாம் என்று விட்டுவிட்டால் வேகமாக இயங்கும் தசை நார்கள், அதாவது வேக நார்கள், சீக்கிரம் சுருங்கும். வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் நல்ல தீ தேவை. மற்ற நாட்களில் அளவுகோல் ஒன்று போதும்: பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதுவே நம்பகமான அளவுகோல். அந்த மாத்திரை இதயத் துடிப்பையே கட்டிவைப்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண் பொருந்தாது.

இனி அடுப்பின் மண். என் பார்வையில் மூத்த ஓட்டக்காரரின் பயிற்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான். மண் அடுப்பில் தினமும் மெல்லிய விரிசல் விழும். களிமண் குழைத்துப் பூசி, மெழுகி, காயவிட்டுத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். ஈரம் காயுமுன் நெருப்பு மூட்டினால் பூசிய இடமே பிளந்துகொள்ளும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை தசைநாணில் கொலாஜன் என்ற புரதம் புதிதாகக் கட்டப்படுவதைவிட உடைவது அதிகம். அதற்குப் பிறகே கட்டுமானம் முந்துகிறது. அந்த இடைவெளியில் மறுபடி கடுமையாக ஓடினால் இழப்பின் மேல் இழப்பு. இருபத்தைந்து வயதில் வெயில் நன்றாக அடிக்கிறது, பூச்சு சீக்கிரம் காய்கிறது. அறுபதில் மழைக்காலம் போல, காய நாளாகும். ஆகவே ஒரு கடின நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எளிய ஓட்டமோ நடையோ முழு ஓய்வோ வேண்டும். வாரம் ஏழு நாள் என்ற சட்டத்தையே விட்டுவிட்டுப் பத்து நாளை ஒரு சுற்றாக வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண்தான் பெரும்பாலும் முதலில் குரல் கொடுக்கும். அதற்கான பயிற்சியை 1998இல் சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்டார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி ஒரு முறையும் மடக்கி ஒரு முறையும், ஒவ்வொன்றிலும் 15 வீதம் மூன்று சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். அவருடைய ஆய்வில் பங்கேற்ற 15 பேர், பெரும்பாலும் நடுத்தர வயது ஓட்டக்காரர்கள், மறுபடி ஓடத் தொடங்கினார்கள். படிக்கட்டு இல்லாத வீடு நம் ஊரில் குறைவு.

தசையும் அடுப்பின் மண்தான். வயதோடு குறிப்பாக வேக நார்கள் மெலிகின்றன. ஓட்டம் மட்டும் இதைத் தடுக்காது, எடை தூக்க வேண்டும். 'இந்த வயதிலா?' என்று கேட்பவர்களுக்கு 1990இல் பாஸ்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறை ஒட்டிய வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி தந்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. வாரம் இரண்டு நாள், உட்கார்ந்து எழுதல், ஒற்றைக்கால் படியேற்றம், குதிகால் உயர்த்தல் என்று எளிதாகத் தொடங்கலாம்.

பூசுவதற்குக் களிமண் வேண்டுமே. வயதான தசை, ஒரு வேளைக்குக் கொஞ்சமாகப் புரதம் கிடைத்தால் அசைந்துகொடுப்பதில்லை. இளைஞருக்கு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம் போதுமென்றால், மூத்தவருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. 60 கிலோ உள்ளவருக்கு வேளைக்கு 24 கிராம். நீண்ட ஓட்டம் முடித்து வந்து இரண்டு இட்லியும் காப்பியும் சாப்பிடுவது நம் வழக்கம். அதில் ஐந்து கிராம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். கூட இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கொஞ்சம் தயிர் சேர்ந்தால் கணக்கு நேராகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

மலைப்பாதைக்கு வருவோம். ட்ரெயில் ஓட்டம் மூத்தவர்களுக்கு ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. தார்ச்சாலையில் ஒவ்வோர் அடியும் ஒரே மாதிரி விழுகிறது. அடுப்பின் ஒரே இடத்தில் விரிசல் ஆழமாகிறது. மண்பாதையில் அடிக்கு அடி கோணம் மாறுவதால் சுமை பரவுகிறது, கணுக்காலும் இடுப்பும் சமநிலையைப் பழகுகின்றன. முதுமையில் கீழே விழாமல் காப்பது அந்தச் சமநிலைதான். ஏற்றம் வந்தால் நடக்கலாம். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுவதைவிட விறுவிறுவென்று நடப்பதற்கே குறைவான சக்தி செலவாகிறது. உலகத்தர மலை ஓட்டக்காரர்களும் அங்கே கையைத் தொடையில் ஊன்றி நடக்கிறார்கள். நடப்பதால் தோற்றுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கவனம் வேண்டியது இறக்கத்தில். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிப் போய் வந்தவர்களுக்கு இது புரியும். மேலே ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இரண்டு நாள் கழித்து நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தொடையைப் பிடித்துக்கொள்ளவைப்பது, கீழே இறங்கியது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்போது நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. முன்பு சொன்ன மறுநாள் வலியின் மூலம் இதுவே. நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை அளவாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு சேதமாவதில்லை. போட்டிக்கு ஆறு வாரம் முன்னிருந்தே சிறிய இறக்கங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு பூச்சு காய நாள் கொடுங்கள். மலை அருகில் இல்லையென்றால் மாடிப்படி போதும். ஏற லிஃப்டைப் பயன்படுத்தி இறங்க மட்டும் படியைப் பயன்படுத்தலாம்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. எரியும் விறகில் கால் பங்குதான் ஓட்டமாகிறது, மீதி வெறும் சூடு. வியர்வை ஆவியானால்தான் அந்தச் சூடு வெளியேறும். சென்னை, கடலூர் போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அது சொட்டுகிறதே தவிர ஆவியாவதில்லை. வயது கூடும்போது வியர்ப்பதும் குறைகிறது, தாகமும் தாமதமாகவே தெரிகிறது. அதனால் விடியுமுன் கிளம்புங்கள், புழுக்கமான நாளில் வேகத்தை விட்டுக்கொடுங்கள், தண்ணீரோடு உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து: 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. முழங்கால் வலிக்கு முன்னெச்சரிக்கையாக டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் ஓடும் திட்டத்தை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஓடும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும், ஓடி முடித்த இரவில்கூட இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதயப் பரிசோதனை ஒன்றை முதலில் முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்தால், அது வாயு என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். எல்லைக்கோடு நூறு மீட்டரில் தெரிந்தாலும் அங்கேயே நின்று உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.